அப்பா கட்டிய வீடு: சிங்கப்பூர்க் கதையைத் தருமபுரியிலிருந்து வாசித்தல்

தருமபுரியில் நான் பாடம் நடத்தும் கல்லூரியில் ஆண்டுதோறும் பட்டிமன்றம் உண்டு. போன ஆண்டுத் தலைப்பு: ‘தருமபுரி சிங்கப்பூர் ஆகத் தேவை நல்ல தலைவரா, கட்டுப்பாடான மக்களா?’ இரண்டு அணிகளும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. தலைவர் கண்டிப்பாக இருக்க வேண்டும், மக்கள் சொன்னதைக் கேட்க வேண்டும். நடுவராக இருந்த நான், “இவ்வளவு நேரம் பேசினீர்களே, இந்தக் கதையில் பெண்கள் எங்கே?” என்று கேட்டேன். பென்னாகரம் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். “மேடம், அங்க ராத்திரி பன்னெண்டு மணிக்கும் ஒரு பொண்ணு தனியா நடந்து வீட்டுக்குப் போலாமாம். எங்களுக்கு அது போதும் மேடம்.”

அரங்கமே கைதட்டியது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்த மாணவி நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று நூலகத்துக்கே போகாதவள். அவள் கேட்டதை ஏளனமாகத் தள்ளிவிட எனக்கு உரிமையில்லை. இந்தக் கட்டுரை அவளுக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில்.

சிங்கப்பூரும் தருமபுரியும் ஒரே ஆண்டின் பிள்ளைகள். 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்து சிங்கப்பூர் தனி நாடானது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. ஒன்று நாடு, மற்றொன்று மாவட்டம். துறைமுகத்தையும் மானாவாரி மேட்டு நிலத்தையும் ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனாலும் எங்கள் ஊர் மேடைகளில் அந்த ஒப்பீடு ஓயவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் எங்களுடையது. பெண்களில் நூற்றுக்கு அறுபது பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். அதனால் ‘அவர்கள் எப்படி முன்னேறினார்கள்’ என்ற கதை இங்கே பசித்தவர் முன் சொல்லப்படும் விருந்துக் கதை.

அந்தக் கதைக்கு மூலநூல் லீ குவான் யூ எழுதிய நினைவுக் குறிப்புகள். 1998இல் ஒரு பாகமும் 2000இல் இரண்டாம் பாகமும் வெளிவந்தன. தமிழில் மேடையில் பேசுகிறவர்கள் நேரடியாகவோ கேள்விவழியாகவோ அவற்றிலிருந்தே எடுக்கிறார்கள். நானும் படித்தேன். சுறுசுறுப்பான எழுத்து. தண்ணீர் இல்லாத, கனிமம் இல்லாத, பக்கத்து நாடுகளின் பகைக்கு நடுவே நின்ற ஒரு தீவைக் குடும்பத் தலைவர் ஒருவர் தோளில் தூக்கிக் கரை சேர்ப்பதுபோல அந்தக் கதை விரிகிறது. கடன் வாங்காத, சோம்பலைப் பொறுக்காத, கை ஓங்கவும் தயங்காத அப்பா. நம் வீடுகளில் பார்த்துப் பழகிய உருவம் என்பதால்தான் அது நமக்கு இவ்வளவு எளிதாகப் பிடிக்கிறது.

அப்பாவின் கதைகளில் அம்மா எங்கே இருப்பாள் என்பது நமக்குத் தெரியும். லீயின் மனைவி குவா கியோக் சூ, ராஃபிள்ஸ் கல்லூரியில் தேர்வுகளில் அவரையே முந்தியவர். கேம்பிரிட்ஜில் சட்டம் படித்தவர். 1954இல் மக்கள் செயல் கட்சியின் அமைப்பு விதிகளை எழுத உதவியவர். 1965இல் பிரிவினை ஒப்பந்தம் எழுதியபோது, ஜொகூரிலிருந்து வரும் தண்ணீருக்கு உத்தரவாதம் தரும் பகுதியை வரைந்தவரும் அவரே. ஒரு நாடு குடிக்கும் தண்ணீர் அந்தப் பெண்ணின் பேனாவைத் தொட்டு வந்தது. குடிநீரில் ஃபுளோரைடு கலந்து பல்லும் எலும்பும் கெட்டு, ஒகேனக்கல் குடிநீருக்காக வருடக் கணக்கில் காத்திருந்த மாவட்டத்துக்காரியான எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. ஆனால் எங்கள் பட்டிமன்றங்களில் அவர் ‘தலைவருக்குத் துணையாக நின்ற மனைவி’ என்ற ஒரு வரியைத் தாண்டுவதில்லை.

பெண்களுக்குச் சிங்கப்பூர் எதுவுமே தரவில்லை என்று நான் சொல்லவில்லை. 1961இல் வந்த மாதர் சாசனம் ஆசியாவில் அந்தக் காலத்துக்குப் பெரிய சட்டம். ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டமானது (முஸ்லிம் திருமணங்களுக்குத் தனிச் சட்டம்). மணவிலக்கு, ஜீவனாம்சம், சொத்து, தன் பெயரில் தொழில் என எல்லாவற்றிலும் மனைவிக்கு உரிமை எழுதப்பட்டது. மேடைகளில் இதையும் தலைவரின் கொடை என்றே சொல்கிறார்கள். பம்பாயில் பிறந்த ஷிரின் ஃபோஸ்தாரும் அவர் தோழிகளும் 1952இல் சிங்கப்பூர் மாதர் மன்றத்தைத் தொடங்கி, பலதார மணத்துக்கு எதிராகக் கட்சி கட்சியாகக் கதவைத் தட்டினார்கள். மக்கள் செயல் கட்சிக்குள் சான் சோய் சியோங் மகளிர் அணியைத் திரட்டினார். 1959 தேர்தலில் வாக்களிப்பது கட்டாயமாக்கப்பட்டதால் வீட்டுக்குள் இருந்த பெண்களெல்லாம் வாக்காளர்கள் ஆனார்கள். கட்சி அந்த வாக்குறுதியைத் தேர்தல் அறிக்கையில் சேர்த்தது, 51 இடங்களில் 43ஐ வென்றது, சட்டமும் வந்தது. கேட்டு, திரண்டு, வாக்கைக் காட்டி வாங்கியது அது.

அடுத்த கட்டத்தில் பெண்களின் கைகள் தேவைப்பட்டன. 1960இல் ஐ.நா. குழுவோடு வந்த டச்சுப் பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியஸ் தொழில்மயத்துக்கு வழி சொன்னார். நிதியமைச்சர் கோ கெங் சுவீ ஜூரோங் சதுப்பு நிலத்தில் தொழிற்பேட்டை எழுப்பினார். பொருளாதாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் ராணுவத் தளங்களை நம்பியிருந்த வேளையில், 1968 ஜனவரியில் தளங்களை மூடப்போவதாக பிரிட்டன் அறிவித்தது. அதே ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வந்தது. விடுமுறைகள் குறைந்தன, ஆளை எடுக்கவும் நீக்கவும் நிர்வாகத்தின் கை ஓங்கியது. அதே ஆண்டு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வந்தது. பின்னால் மற்ற மின்னணு நிறுவனங்களும் வரிசையாக வந்தன.

அந்த ஆலைகளில் நுண்ணோக்கிக்குக் கண்ணைக் கொடுத்து, முடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் பொருத்தியவர்கள் பெரும்பாலும் பள்ளிப் படிப்பு முடித்த, முடிக்காத இளம்பெண்கள். 1970இல் வேலைக்குப் போகும் பெண்கள் நூற்றுக்கு முப்பதுக்கும் குறைவு; 1980இல் 44ஐத் தொட்டார்கள். ‘மூன்றாம் உலகிலிருந்து முதல் உலகுக்கு’ என்ற தாவலில் கால் ஊன்றிய இடம் இந்தப் பெண்களின் விரல்நுனி. 1974-75 மந்தத்தில் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களிலும் அவர்களே அதிகம்.

2004 வரை எங்கள் மாவட்டத்தோடு இருந்த ஓசூர்ப் பக்கம் இன்று கைபேசி உதிரிபாக ஆலைகள் வந்திருக்கின்றன. என் மாணவிகளில் சிலர் பட்டம் முடித்தும் முடிக்காமலும் அங்கே போகிறார்கள். விடுதி, ஷிஃப்ட், கம்பெனி பஸ். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். கையில் சம்பளம் வந்த பெண்ணிடம் வீட்டில் பேசும் தொனியே மாறுவதைப் பார்த்திருக்கிறேன். சிங்கப்பூர்ப் பெண்களுக்கும் அந்தச் சம்பளம் மாப்பிள்ளை பார்ப்பதைத் தள்ளிப்போடும் தைரியத்தைக் கொடுத்தது. ஆனால் அந்த விரல்களுக்குத் தங்களைப் பற்றிய முடிவில் எவ்வளவு பங்கு இருந்தது என்று பார்த்தால் வேறொரு படம் தெரிகிறது. சான் சோய் சியோங் 1970இல் ஓய்வு பெற்ற பிறகு, 1984 கடைசி வரை சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் ஒரு பெண்கூட இல்லை. பொருளாதாரம் மிக வேகமாக வளர்ந்த பதினான்கு ஆண்டுகள் அவை. 1979இல் மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான் இடம் என்று வரம்பு கட்டினார்கள். 2003 வரை அது நீடித்தது.

கைகளுக்குப் பிறகு கருப்பைக்கு வந்தார்கள். 1970களில் ‘இரண்டோடு நிறுத்துங்கள்’ என்றது அரசு. மூன்றாவது பிள்ளைக்குச் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு இல்லை, பிரசவக் கட்டணம் கூடும். கருத்தடை செய்துகொண்ட பெற்றோரின் பிள்ளைக்குப் பள்ளியில் முன்னுரிமை. பிறப்பு வீதம் மளமளவென்று இறங்கியது. பிறகு 1983 ஆகஸ்டில் தேசிய தினப் பேரணியில் பிரதமர் வேறொரு கவலையைச் சொன்னார்: படித்த பெண்கள் மணமுடிப்பதில்லை, படிக்காத பெண்கள் அதிகம் பெறுகிறார்கள், அறிவு பெரும்பாலும் பிறப்பில் வருவதால் நாட்டின் தரம் குறையும். அந்த உரையைப் பற்றித் தம் நினைவுக் குறிப்பில் அவர் பேசுவது, திறமையாளர்களை வளர்ப்பதும் ஈர்ப்பதும் எப்படி என்ற அத்தியாயத்தில். பெண்கள் அங்கே திறமைக்கு விளைநிலம். அவர் அப்படிப் பேசியபோது எதிர்த்துக் கேட்க அவையில் ஒரு பெண் உறுப்பினரும் இல்லை என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

1984இல் திட்டங்கள் வந்தன. பட்டதாரித் தாய்க்கு மூன்றாவது பிள்ளை பிறந்தால் பள்ளிச் சேர்க்கையில் சலுகை. படிப்பும் வருமானமும் குறைந்த, முப்பது வயதைத் தாண்டாத தாய், ஒன்றிரண்டு பிள்ளையோடு கருத்தடை செய்துகொண்டால் வீடு வாங்க 10,000 வெள்ளி. ஒருத்திக்குப் பரிசு பெற்றதற்கு, இன்னொருத்திக்குப் பரிசு பெறாததற்கு. சலுகை கிடைக்கவிருந்த பட்டதாரிப் பெண்களே இதை அவமானமென்று எதிர்த்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு ஏறத்தாழ 13 விழுக்காடு சரிந்தது. 1985இல் பட்டதாரித் தாய் திட்டம் கைவிடப்பட்டது. அந்தக் கோபத்திலிருந்துதான் அதே ஆண்டு ‘அவேர்’ என்ற பெண்கள் அமைப்பு பிறந்தது. 1987இல் அரசு திரும்பி நின்று, ‘வசதியிருந்தால் மூன்று அல்லது அதற்கு மேல்’ என்றது. பெண்கள் காதில் வாங்கவில்லை. 1965இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி நாலரைக்கும் மேல் பிள்ளைகள். 2023இல் அது ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. கட்டுப்பாடான மக்கள் என்று நாம் புகழும் ஊரில் நாற்பது ஆண்டுகளாக அப்பாவின் பேச்சைக் கேட்காமல் இருப்பவர்கள் பெண்கள்.

இதை வாசித்து, ‘நம் ஊரில் இப்படியெல்லாம் இல்லை’ என்று தருமபுரிக்காரி பெருமூச்சு விட முடியாது. பெண் சிசுக்கொலைக்குப் பெயர் போன மாவட்டம் இது. 2001இல் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தார்கள். தமிழக அரசு 1992இல் கொண்டுவந்த பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் பணம் பெற, பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை செய்திருக்க வேண்டும். ‘ஒருவர்’ என்று எழுதியிருந்தாலும் மேசையில் படுத்தது யார் என்று நம் தாய்மார்களைக் கேட்டால் போதும். யார் யாருக்குப் பிள்ளை பெறலாம் என்ற கணக்கை இங்கே சாதி போடுகிறது. 2012 நவம்பர் 7 அன்று, சாதி மீறிய ஒரு காதல் திருமணத்தைச் சாக்கிட்டு நத்தம் காலனியிலும் பக்கத்துத் தலித் குடியிருப்புகளிலும் வீடுகளைக் கொளுத்தினார்கள். அங்கே இனத்தின் தரம், இங்கே சாதியின் மானம். இரண்டு கணக்கும் எழுதப்படுவது பெண்ணின் உடம்பில்.

இனி என் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். படித்த சிங்கப்பூர்ப் பெண் வேலைக்குப் போனபின் அவள் வீட்டு அடுப்பை யார் பார்ப்பது? கணவன் பார்க்கட்டும் என்று அரசு சொல்லவில்லை. 1978இல் வெளிநாட்டுப் பணிப்பெண் திட்டத்தைக் கொண்டுவந்தது. பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, இலங்கை, மியான்மர், தமிழ்நாடு என்று பெண்கள் போனார்கள். இன்று அங்கே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பணிப்பெண்கள் இருக்கிறார்கள். வேலைவாய்ப்புச் சட்டம் அவர்களைத் தொழிலாளி என்று கணக்கில் சேர்ப்பதில்லை. வாரம் ஒருநாள் ஓய்வு என்ற விதி 2013இல்தான் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, அதில் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. கருவுற்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு பக்கம் ‘பெறுங்கள்’ என்று கெஞ்சும் நாடு, இன்னொரு பக்கம் ‘பெற்றால் வெளியே’ என்கிறது.

சித்தி 2001இல் போனாள். எட்டாவது வரை படித்தவள்; சித்தப்பா குடித்தே செத்துப்போனார். முதல் ஏழு மாதச் சம்பளம் ஏஜெண்டுக்குப் போனது. நாலு வருடம் ஒரே வீட்டில் இருந்தாள். அந்த வீட்டு அக்கா நல்லவள் என்றுதான் இன்றுவரை சொல்கிறாள். காலை ஏழு மணிக்கு ஆபீசுக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வருவாளாம். அவள் பிள்ளைகளைச் சித்தி வளர்த்தாள். சித்தியின் பிள்ளைகள் இருவரும் எங்கள் வீட்டில் வளர்ந்தார்கள். அம்மா புளிக்குக் கொட்டை எடுக்கும் கூலிக்குப் போய்விடுவாள். ஆகவே என் அக்கா பத்தாவதோடு பள்ளியை நிறுத்தினாள். சிங்கப்பூரில் ஒரு பெண் நிம்மதியாக ஆபீஸ் போவதற்காகக் கோத்த சங்கிலியின் கடைசிக் கண்ணி பென்னாகரம் பக்கம் ஒரு ஓட்டு வீட்டில் இருந்தது. சித்தி அனுப்பிய பணத்தில் என் கல்லூரிக் கட்டணமும் இருந்தது. நான் மேடையில் நடுவராக உட்கார்ந்ததில் அக்காவின் பத்தாம் வகுப்பு இருக்கிறது.

என் மாணவி கேட்டதைச் சித்தியிடமே கேட்டேன். சிரித்தாள். “நெசந்தான் பாப்பா, அங்க ராத்திரி பொண்ணுங்க பயமில்லாம போவாங்க, மாடியிலருந்து பாத்துருக்கேன். என்னைக் கதவத் தாண்ட விட்டாத்தானே நானும் போறது.” சித்திக்காக வீட்டுக்காரர் 5,000 வெள்ளி பிணை எழுதிக் கொடுத்திருந்தார்கள். இவள் ஓடிப்போனாலோ கருவுற்றாலோ அந்தப் பணம் போகுமே என்ற பயத்தில் ஞாயிற்றுக்கிழமையும் பூட்டு விழுந்தது. அந்தத் தெருவின் பாதுகாப்பை நான் பொய் என்று சொல்லவில்லை. அதில் நடக்க யாருக்கு அனுமதி என்பதையும் கேட்க வேண்டும் என்கிறேன்.

‘கண்டிப்பான அரசு’ என்ற சொல்லையும் என் மாணவிகள் ஒருமுறை நிறுத்தி யோசிக்க வேண்டும். 1963 பிப்ரவரி 2 அன்று ‘ஆபரேஷன் கோல்ட்ஸ்டோர்’ என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட எதிர்க்கட்சியினர், தொழிற்சங்கத்தினர் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர். 1968 தேர்தலில் ஆளுங்கட்சி எல்லா 58 இடங்களையும் எடுத்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஜெ.பி. ஜெயரத்தினம் 1981இல் ஓர் இடைத்தேர்தலில் வெல்லும்வரை அவையில் ஓர் எதிர்க்குரல் இல்லை. 1987இல் ‘மார்க்சியச் சதி’ என்று சொல்லி 22 பேரைப் பிடித்தார்கள். அவர்களில் பெண்கள் பலர். வெளிநாட்டுப் பணிப்பெண்களுக்கு உதவும் மையத்தில் வேலை செய்தவர்களும் இருந்தார்கள். என் சித்தியைப் போன்றவளுக்காகப் பேசுவது அன்று நாட்டுப் பாதுகாப்புக்கு ஆபத்து.

கண்டிப்பான அரசை நாங்கள் வீட்டு வாசலிலேயே பார்த்திருக்கிறோம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாக அரூர் அருகே வாச்சாத்திக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நுழைந்தன. 18 பழங்குடிப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது, 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். சிங்கப்பூரின் நிர்வாகமும் இதுவும் ஒன்றல்ல. ஊழலை ஒடுக்கிய, விதியைத் தனக்கும் பொருத்திக்கொண்ட நிர்வாகம் அது. ஆனால் கேள்வி கேட்க முடியாத அதிகாரம் வேண்டும் என்று மேடையில் கைதட்டும்போது, நம் மாவட்டத்தில் அந்த அதிகாரம் யார் கையில், யார் வீட்டுக்குள் நுழையும் என்பதை வாச்சாத்திப் பெண்கள் 31 ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்றும் சிங்கப்பூர்வாசிகளில் ஐந்தில் நான்கு பேர் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். ஏழைக்கும் கூரை என்ற அந்தச் சாதனையை எங்கள் ஊர் நிச்சயம் கற்க வேண்டும். ஆனால் மணமாகாத பெண் அந்த வீட்டைத் தன் பெயரில் வாங்க 35 வயதுவரை காத்திருக்க வேண்டும். மணமாகாமல் தாயானவளும் பிள்ளையும் நெடுங்காலம் ‘குடும்பம்’ என்ற கணக்கிலேயே வரவில்லை. அப்பா கட்டிய வீட்டில் எல்லா மகளுக்கும் ஒரே சாவி இல்லை. சாவி கிடைத்தவர்கள், 1961லும் 1985லும் நடந்ததுபோல, கேட்டு வாங்கியவர்கள்.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். பென்னாகரத்து மாணவி முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. “இருந்தாலும் மேடம், எனக்கு ராத்திரி பயமில்லாம வீட்டுக்குப் போகணும்” என்றாள். சரிதான். அதற்குத் தலைவர் வேண்டுமா, என்ன வேண்டும் என்று எழுதச் சொன்னேன். முப்பத்தெட்டுப் பேர் எழுதினார்கள். எட்டு மணிக்கு ஒரு பஸ். நிறுத்தத்திலிருந்து ஊர்வரை தெருவிளக்கு. பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் வரும் கழிப்பறை. ‘எங்கே போயிட்டு வர்ற’ என்று கேட்காத அண்ணன். புகார் கொடுத்தால் சாதி கேட்காத ஸ்டேஷன். ஒருத்தி மட்டும், ‘கிராம சபையில் அம்மா பேசும்போது சிரிக்காத ஆம்பளைங்க’ என்று எழுதியிருந்தாள்.

இந்த ஆண்டு பட்டிமன்றத் தலைப்பை அவர்களே வைக்கிறார்கள். அந்தப் பட்டியலில் முதல் மூன்றையும் மனுவாக எழுதி, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு எடுத்துப்போகவும் முடிவு செய்திருக்கிறார்கள். மனுவில் முதல் கையெழுத்து பென்னாகரத்து மாணவியுடையது. இரண்டாவது, இந்த வருடம் தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் என் அக்காவுடையது.